எந்த பிளாஸ் ஓடுகிறது?

இன்று உபுண்டுவிலோ டெபியனிலோ டெர்மினலைத் திறந்து, ஓப்பன்பிளாஸ் வேண்டும் என்று ஆப்ட்டுக்கு ஒரு வரி அடித்தால் போதும். கடவுச்சொல் கேட்கும்; சில எம்.பி. இறங்கும், முடிந்தது. அணிகளைப் பெருக்குவதற்கு இதுவரை எழுதப்பட்ட மிகச் சிறந்த புரோகிராம்களில் ஒன்று உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்துவிடும். 2004-ல் இதே காரியத்துக்காக எங்கள் கல்லூரி ஆய்வகத்துக் கணினி ஒன்றின் திரைமேல் ‘விடியும்வரை தொட வேண்டாம்’ என்று தாள் ஒட்டிவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கோவைக்குப் பக்கத்தில் எம்.இ. படித்துக்கொண்டிருந்தேன். கட்டமைப்புப் பொறியியல். 2001 ஜனவரியில் குஜராத்தின் புஜ் பகுதியைப் புரட்டிப் போட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு, கட்டடங்கள் எப்படி ஆடும் என்ற கேள்வி எங்கள் துறையில் எல்லாரையும் பிடித்துக்கொண்டிருந்தது. என் ப்ராஜெக்ட்டும் அதுதான். பல மாடிக் கட்டடத்தைத் தூண்களும் விட்டங்களுமாகப் பிரித்து, ஒவ்வொரு முனையும் எப்படி நகரும், எப்படித் திரும்பும் என்று எழுதிக்கொண்டே போனால் கடைசியில் இரண்டு பெரிய அணிகள் கையில் நிற்கும். ஒன்று விறைப்பு அணி, மற்றது நிறை அணி. என்னுடையவை 2000-க்கு 2000. ஒவ்வொரு எண்ணுக்கும் 8 பைட் என்றால் ஓர் அணிக்கே 32 எம்.பி. ஆய்வகக் கணினியின் மொத்த நினைவகம் 256 எம்.பி. இந்த இரண்டு அணிகளிலிருந்து ஐகன் மதிப்புகளை எடுத்தால் கட்டடத்தின் இயல்பு அதிர்வெண்கள் கிடைக்கும்.

கைடு சார் தன் ஃபோர்ட்ரான் புரோகிராமைக் கொடுத்தார். அவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது எழுதியது. அதற்குள் இருந்த பல சப்ரூட்டீன்கள் நெட்லிப்பிலிருந்து வந்தவை. நெட்லிப் 1985-ல் ஜாக் டோங்காராவும் எரிக் கிராஸும் தொடங்கிய களஞ்சியம். இணையப் பக்கம் என்று ஒன்று பிறக்காத அந்த நாளில், ‘சென்ட் இண்டெக்ஸ்’ என்று மட்டும் எழுதி அங்கே மின்னஞ்சல் போட்டால் பட்டியல் திரும்பி வரும். அதில் வேண்டியதைக் குறிப்பிட்டு இன்னொரு மின்னஞ்சல் போட்டால் ஃபோர்ட்ரான் வரிகளே கடிதமாக வந்து விழும். சார் அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மரியாதை இருக்கும். “யாருன்னே தெரியாத ஒருத்தனுக்கு, பைசா வாங்காம அனுப்பினாங்கப்பா” என்பார்.

புரோகிராம் சரியாகத்தான் ஓடியது. ஆனால் காலையில் ஓடவிட்டால் மதியம் சாப்பிட்டு வந்தும் முடிந்திருக்காது. கட்டடத்தில் ஒரு தூணின் அளவை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. இருபது முப்பது விதமாக மாற்றிப் பார்க்க வேண்டிய வேலைக்கு இந்த வேகம் கட்டுப்படியாகாது. அந்த நெருக்கடிதான் என்னை பிளாஸ் பக்கம் தள்ளியது.

பிளாஸ் என்பது நேரியல் இயற்கணிதத்தின் அடிப்படைச் செயல்களுக்கான சப்ரூட்டீன்களின் தொகுப்பு. லாசன், ஹான்சன், கின்கெய்ட், குரோக் ஆகிய நால்வர் 1979-ல் வெளியிட்ட முதல் நிலை, திசையன்களோடு திசையன்களைக் கூட்டிப் பெருக்கும். 1988-ல் வந்த இரண்டாம் நிலை அணியையும் திசையனையும் பெருக்கும். 1990-ல் வந்த மூன்றாம் நிலையில்தான் அணியை அணியால் பெருக்கும் வேலை இடம்பெற்றது. அந்த மூன்றாம் நிலையின் நடுநாயகம், அந்தப் பெருக்கலைச் செய்யும் டிஜெம். 1992-ல் வெளியான லாபேக், சமன்பாடுகளைத் தீர்ப்பது, ஐகன் மதிப்பு காண்பது போன்ற பெரிய வேலைகளை முடிந்தவரை டிஜெம்மின் தலையில் போடும்படி வடிவமைக்கப்பட்டது. டிஜெம்மை வேகமாக்கினால் மேலே உள்ள எல்லாமே வேகமாகும் என்பதுதான் அதன் பின்னிருந்த யோசனை. அந்த யோசனையின் அழகு இன்றும் எனக்குச் சலிக்கவில்லை.

ஏன் டிஜெம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000-க்கு 1000 அணிகள் இரண்டைப் பெருக்க 200 கோடி கூட்டல் பெருக்கல்கள் வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இருந்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4. ஒரு துடிப்புக்கு இரண்டு கணக்கு என்ற அதன் உச்ச வேகத்தில் ஓடினால் அரை வினாடிக்குள் முடித்துவிட வேண்டும். மூன்று லூப்களை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதி ஓட்டினால் அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆனது. கணக்குப் போடும் பகுதியில் குறை ஒன்றும் இல்லை. எண்கள் நினைவகத்திலிருந்து வந்து சேரும்வரை அது சும்மா காத்திருந்தது. ஓர் அணி 8 எம்.பி.; அந்தச் சில்லுக்குள்ளேயே இருந்த சிறு, வேக நினைவகமான கேஷில் எல்2 512 கே.பி., எல்1 டேட்டா கேஷ் வெறும் 8 கே.பி. சமைக்கும்போது ஒவ்வொரு மிளகாய்க்கும் ஒருமுறை கடைக்குப் போய் வருவதைப் போன்ற ஓட்டம் அது. அணியைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒரு கட்டத்தைக் கேஷுக்குள் கொண்டுவந்து, அதைக் கொண்டு செய்யக்கூடிய பெருக்கல் எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போனால் இந்த அலைச்சல் தீரும். மூன்றாம் நிலையில் அது முடியும். ஏனென்றால் எண்கள் முப்பது லட்சம்தான்; ஒவ்வொன்றும் ஆயிரம் முறை பயன்படுகிறது. நெட்லிப்பில் கிடைக்கும் ரெஃபரன்ஸ் பிளாஸ் இந்த வெட்டும் வேலையைச் செய்வதில்லை. விடை எப்படி இருக்க வேண்டும் என்று காட்டும் மாதிரி அது, வேகத்துக்காக எழுதப்பட்டதல்ல.

கட்டத்தின் அளவு என்ன என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. ஒவ்வொரு சில்லுக்கும் அது வேறு. டென்னஸி பல்கலைக்கழகத்தில் கிளின்ட் வேலியும் டோங்காராவும் பெத்தித்தேவும் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். அதன் பெயர் அட்லஸ். அட்லஸை நிறுவும்போது அதுவே பல வடிவங்களில் டிஜெம்மை எழுதி, கம்பைல் செய்து, ஓட்டி, நேரம் பார்த்து, எது வேகமோ அதை வைத்துக்கொள்ளும். இந்தக் கணினிக்கு என்ன பொருந்தும் என்று அந்தக் கணினியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் லைப்ரரி!

அதைக் கொண்டுவருவதே ஒரு வேலை. ஆய்வகத்து லினக்ஸ் ரெட்ஹாட் 9, மூன்று சிடிகளில் கைமாறி வந்தது. கல்லூரி இணைய இணைப்பை நம்ப முடியாது. ஊருக்குள் இருந்த பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அட்லஸையும் லாபேக்கையும் இறக்கி, ஃப்ளாப்பிக்குள் அடங்கும்படி 1.4 எம்.பி. துண்டுகளாக வெட்டி, பஸ்ஸில் எடுத்துவந்தேன். ஆய்வகத்தில் ஒரு ஃப்ளாப்பி படிக்காது. மறுநாள் அந்த ஒரு துண்டுக்காகத் திரும்பவும் ஊருக்குள் போக வேண்டும். பென் டிரைவ் என்பது அப்போது எங்களில் யார் சட்டைப்பையிலும் கிடையாது.

முதலில் லாபேக்கைக் கம்பைல் செய்ய வேண்டும். மேக் இன்க் என்ற கோப்பைத் திறந்து எந்த ஃபோர்ட்ரான் கம்பைலர், என்ன தேர்வுகள் என்று கையால் எழுதுவோம். கம்பைலர் ஜி77. அந்தக் கோப்பில் ‘நோஆப்ட்’ என்று ஒரு தனி வரி உண்டு. எல்லாவற்றையும் வேகமாக்கும் தேர்வோடு கம்பைல் செய்யும்போது, டிலாம்ச் என்ற ஒரே ஒரு சிறு பங்ஷனை மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. அன்றைய டிலாம்ச் கணினியின் துல்லியத்தை, அதாவது 1-உடன் எவ்வளவு சிறிய எண்ணைக் கூட்டினால் வித்தியாசம் தெரியும் என்பதை, தானே சோதித்துக் கண்டுபிடிக்கும். கம்பைலர் அதைச் செம்மைப்படுத்தப் போனால் அந்தச் சோதனையே குலைந்து, சில வேளை முடிவில்லாத லூப்பில் மாட்டிக்கொள்ளும். கணினிக்கு எண்கள் என்பவை என்ன, அவை எங்கே தேய்ந்து மறைகின்றன என்று வகுப்பில் படித்ததைவிட அந்த ஒரு வரி எனக்கு ஆழமாகச் சொல்லிக்கொடுத்தது. டிலாம்ச் ஏன் விதிவிலக்கு என்று சாரிடம் கேட்டேன். ஒரு மாலைப்பொழுது முழுக்கக் கரும்பலகையில் விளக்கினார்.

அப்புறம் அட்லஸ். முதலில் கேள்விகள் கேட்கும். உங்கள் கணினிக்கு முன்பே கண்டறிந்த அளவுகள் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொள்ளட்டுமா என்றும் ஒரு கேள்வி. ஆம் என்றால் சீக்கிரம் முடியும். நான் வேண்டாம் என்றேன். அது எப்படித் தேடுகிறது என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை. தேடல் நடக்கும்போது அந்தக் கணினியில் வேறு யாரும் எதுவும் ஓட்டக் கூடாது. ஒருவர் பாட்டுக் கேட்டாலும் நேர அளவை கெட்டுப்போய், தவறான கட்ட அளவைத் தேர்ந்தெடுத்துவிடும். அதனால்தான் தாள், அதனால்தான் இரவு.

வாட்ச்மேன் அண்ணன் ஒன்பதரைக்கு வந்தார். “தம்பி, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுக் கெளம்புங்க.”

“இந்த ஒண்ணு மட்டும் ஓடணும்ண்ணா. காலையில முடிஞ்சிரும்.”

“ஓடுதா? சும்மா எழுத்துதான வருது?”

“எது வேகம்னு அதுவே சோதிச்சுப் பாக்குதுங்கண்ணா. நடுவுல நிறுத்தக் கூடாது.”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, மற்ற கணினிகளின் சுவிட்சுகளை அவரே ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, எனக்காக ஒரு மின்விசிறியை மட்டும் விட்டுவைத்துப் போனார்.

திரையில் 40, 44, 48, 52 என்று கட்ட அளவுகள் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை மெகாஃப்ளாப் என்று வரும். ஏறிக்கொண்டே போகும் வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று விழும். கட்டம் கேஷைவிட்டு வழியும் இடம் அது. பாடப்புத்தகத்தில் பெட்டி பெட்டியாக வரைந்திருந்த கேஷ், என் கண்ணெதிரே எண்களாக உருவம் எடுத்தது. உள் லூப்பை எத்தனை முறை விரிக்கலாம், அடுத்த எண்ணை எவ்வளவு முன்கூட்டியே அழைக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தது. கரன்ட் போனாலும், அதுவரை அளந்ததைக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

விடிந்ததும் லைப்ரரிகள் தயார். அட்லஸ் லாபேக்கின் சில பகுதிகளைத்தான் தானே எழுதியிருந்தது. ஆகவே முழு லாபேக்கைப் பிரித்துப்போட்டு, அட்லஸின் துண்டுகளை அதன்மேல் வைத்து மறுபடி ஒன்றாகக் கட்ட வேண்டும். லிங்க் செய்யும்போது முதலில் லாபேக், பிறகு எஃப்77பிளாஸ், சிபிளாஸ், கடைசியில் அட்லஸ். வரிசை மாறினால் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று பக்கம் பக்கமாகக் கொட்டும். யார் யாரை நம்பி நிற்கிறார்கள் என்பது அந்த வரிசையிலேயே எழுதியிருந்தது.

பெருக்கல் பல மடங்கு வேகமாகியது. என் ஐகன் கணக்கு அந்த அளவுக்கு வேகமாகவில்லை. பாதி நாள் ஓடியது ஒரு மணி நேரத்துக்குள் வந்தது. ஏன் இன்னும் குறையவில்லை என்று துருவியபோதுதான் ஒன்று புரிந்தது. சமச்சீர் அணியை மூன்று மூலைவிட்ட வடிவத்துக்குக் குறைக்கும் கட்டத்தில் ஏறக்குறையப் பாதி வேலை இரண்டாம் நிலை பிளாஸில் நடக்கிறது. அணியை முழுக்க ஒருமுறை வாசித்து ஒரே ஒரு திசையனோடு பெருக்கும் வேலை அது. ஒருமுறை வந்த எண்ணுக்குத் திரும்ப வேலை இல்லாததால் கேஷால் பயன் குறைவு. எந்தப் புத்திசாலி லைப்ரரியும் நினைவகத்தின் வேகத்தைத் தாண்ட முடியாது.

அதே 2004-ல்தான் சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனம் ‘கப்ரு’ என்ற கிளஸ்டரைக் கட்டியது. 144 கணினிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸியான் சில்லுகள், எல்லாவற்றிலும் லினக்ஸ். உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் அது இடம்பிடித்த செய்தி எங்கள் துறையிலும் பேசப்பட்டது. அந்தப் பட்டியலுக்கான சோதனை, பிரம்மாண்டமான சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்ப்பது. அதில் பெரும்பகுதி நேரம் செலவாவது டிஜெம்மில்தான். எங்கள் ஆய்வகத்தில் ஒரே கணினியில் இரவெல்லாம் தேடியதும், தரமணியில் 144 கணினிகளில் ஓடியதும் அடிப்படையில் ஒரே பெருக்கல் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் இப்போதும் நினைவிருக்கிறது.

படிப்பு முடிந்து சென்னைக்கு வந்தேன். லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்களுக்கு ஐ.ஐ.டி. வளாகத்துக்குப் போக ஆரம்பித்த காலத்தில்தான் கோட்டோவின் பெயர் என் காதில் விழுந்தது. கசுஷிகே கோட்டோ ஜப்பானியக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கணினி தானாகத் தேடிக் கண்டுபிடித்ததைவிட வேகமான டிஜெம்மை அவர் அசெம்பிளி மொழியில், தன் கையால், ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாக எழுதினார். பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு வந்தார். 2005-ல் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி எழுதியது. 2008-ல் ராபர்ட் வான் டி கெய்னோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் தன் முறையை முழுக்கத் திறந்து வைத்தார். எல்லாரும் எல்1 கேஷுக்குள் கட்டத்தை அடைக்கப் பார்த்தபோது, அவர் எல்2-வில் பெரிய கட்டமாக வைத்தார். அங்கிருந்து எண்கள் வரும் வேகமே போதும் என்று காட்டினார். முகவரிகளை மொழிபெயர்க்கும் டிஎல்பி தடுமாறாமல் இருக்க, எண்களை முதலில் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு பெருக்கினார். கணினி அறிவியல் படிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டிய கட்டுரை என்பேன்.

கோட்டோபிளாஸ் முதலில் கல்வி, ஆராய்ச்சிக்கு மட்டும் இலவசம். 2010-ல் பிஎஸ்டி உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. அத்தோடு கோட்டோ வேறு வேலைக்குப் போய்விட்டார். பின்னால் வரும் புதுச் சில்லுகளுக்கு யார் எழுதுவது? 2011-ல் சீன அறிவியல் கழகத்தின் மென்பொருள் நிறுவனத்தில் இருந்த ஜாங் ஷியான்யி அதைக் கையில் எடுத்து ஓப்பன்பிளாஸ் என்று வளர்த்தார். பின்னர் அதன் அன்றாடப் பராமரிப்பைப் பெரிதும் தோளில் சுமந்து வருபவர் மார்ட்டின் குரோக்கர். உலகத்தின் எத்தனை ஆய்வகங்கள் இந்தச் சிலரின் உழைப்பின்மேல் நிற்கின்றன என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இதற்கிடையில் அட்லஸின் காலம் மாறிவிட்டது. மடிக்கணினிகள் வந்தன. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அவை தங்கள் வேகத்தைத் தாங்களே கூட்டிக் குறைத்தன. வேகம் நிலையாக இல்லாத இடத்தில் நேரம் பார்த்து என்ன பயன்? அந்த வசதியை அணைக்காவிட்டால் அட்லஸ் நிறுவவே மறுக்கும். ஓப்பன்பிளாஸ் வேறு வழியில் போனது. எல்லாச் சில்லுகளுக்குமான டிஜெம்களையும் ஒரே கோப்பில் கட்டிவைத்து, புரோகிராம் தொடங்கும்போது ‘நீ ஹாஸ்வெல்லா, ஸ்கைலேக்கா, ஜென்னா’ என்று சில்லைக் கேட்டு, அதற்கானதை எடுத்து ஓட்டும். யாரோ எங்கோ ஒருமுறை கம்பைல் செய்தது எல்லாருக்கும் பொருந்துகிறது. அந்த ஒரு வரிக் கட்டளை இப்படித்தான் சாத்தியமானது. இரவு முழுக்க விழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது பெரிய வரம். பிரவுசிங் சென்டரும் உடைந்த ஃப்ளாப்பியும் யாருக்கும் திரும்ப வர வேண்டாம்.

ஆனால் இப்போது இன்னொரு விதமான இருட்டு. அண்மையில் புள்ளியியல் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். ஆர் மொழியில் எழுதிய கணக்கு ராத்திரி முழுக்க ஓடுகிறதாம். புது சர்வர் வாங்க விண்ணப்பம் தயாராம். “சார், இதுல 32 கோர் போதுமா, 64 வேணுமா?”

“இப்ப எந்த பிளாஸ் ஓடுது?”

“பிளாஸ்னா?”

செஷன்இன்ஃபோ என்று அடிக்கச் சொன்னேன். ஆர் தான் எந்த பிளாஸை, எந்தக் கோப்பிலிருந்து எடுத்திருக்கிறது என்று அது காட்டிவிடும். அங்கே இருந்தது ரெஃபரன்ஸ் பிளாஸ். நெட்லிப் மாதிரிக்காக வைத்த அதே மூன்று லூப். ஓப்பன்பிளாஸை நிறுவினோம். ஆரை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை; மூடித் திறந்தால் போதும். டெபியன் வகை அமைப்புகளில் அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் என்ற கட்டளை லிப்பிளாஸ் என்ற பெயரை எந்தக் கோப்புக்குத் திருப்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறது. ராத்திரி முழுக்க ஓடிய கணக்கு அவர் அன்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே முடிந்தது. விண்ணப்பத்தை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

எங்கள் காலத்தில் நல்ல பிளாஸ் இல்லாமல் தவித்தோம். இப்போது ஒரே கணினியில் மூன்று நான்கு பிளாஸ்கள் இருக்கின்றன, எது ஓடுகிறது என்று அதன் சொந்தக்காரருக்கே தெரிவதில்லை. பைதான் மொழிக்கான நம்பை லைப்ரரியைப் பிப் வழியாக நிறுவினால் அது தனக்கென்று ஓர் ஓப்பன்பிளாஸைத் தன் உள்கோப்புறையிலேயே கொண்டுவருகிறது. அமைப்பில் இருக்கும் பிளாஸை நீங்கள் என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. கொண்டா வழியாக வந்தால் இன்டெலின் எம்கேஎல்லாக இருக்கலாம். 16 கோர் கணினியில் பைதானை 16 பிராசஸ்களாகப் பிரித்து ஓட்டினால், ஒவ்வொன்றுக்கும் அடியில் இருக்கும் பிளாஸும் தன் பங்குக்கு 16 த்ரெட்களைக் கிளப்பும். 256 த்ரெட்கள் 16 கோருக்கு அடித்துக்கொள்ளும். வேகமாக்கப் பிரித்தது முன்பைவிட மெதுவாகிவிடும். ஓப்பன்பிளாஸ்_நம்_த்ரெட்ஸ் என்ற மாறியை 1 என்று வைத்தால் தீர்ந்தது. ஆனால் அடியில் ஓப்பன்பிளாஸ் இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தானே அந்த மாறியின் பெயர் நினைவுக்கு வரும்?

விடைகளின் கடைசி இலக்கங்கள் இன்னொன்று. இரண்டு கணினிகளில் ஒரே புரோகிராமை ஓட்டி, பதின்மூன்றாவது இலக்கத்தில் வேறுபாடு வந்ததும் பயந்துபோகும் மாணவர்களைப் பார்க்கிறேன். கணினியில் மூன்று எண்களைக் கூட்டும்போது முதல் இரண்டை முதலில் கூட்டுவதும் கடைசி இரண்டை முதலில் கூட்டுவதும் ஒரே விடை தர வேண்டியதில்லை. கட்ட அளவோ த்ரெட்களின் எண்ணிக்கையோ மாறினால் கூட்டும் வரிசை மாறும், கடைசி இலக்கங்கள் மாறும். ஐகன் திசையனின் குறிகள் அப்படியே தலைகீழாகலாம். இரண்டுமே சரியான விடைகள்தான். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போதெல்லாம் டிலாம்ச்சை விளக்கிய சாரின் குரல் எனக்குள் கேட்கும். ஆராய்ச்சிக் கட்டுரையில் எந்த பிளாஸ், எந்தப் பதிப்பு என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று என்னிடம் வரும் எல்லாரையும் வற்புறுத்துகிறேன். வேதியியல்காரர் தான் பயன்படுத்திய பொருளின் தூய்மையை எழுதுகிறார். நாமும் எழுதத்தான் வேண்டும்.

2021-க்கான டியூரிங் விருது டோங்காராவுக்குக் கிடைத்தது. ஆஸ்டினில் வான் டி கெய்னும் ஃபீல்ட் வான் ஸீயும் உருவாக்கிய பிளிஸ் என்ற லைப்ரரிக்கு 2023-ல் வில்கின்சன் பரிசு. பிளிஸ் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. கோட்டோ கையால் எழுதியதிலிருந்து அவசியமான மிகச் சிறு துண்டை மட்டும் மைக்ரோ கெர்னல் என்று பிரித்தெடுத்து, மற்றதையெல்லாம் சி மொழியில் பொதுவாக எழுதிவிட்டார்கள். புதுச் சில்லுக்கு அந்தத் துண்டை எழுதி, சில அளவுகளைக் கொடுத்தால் போதும். அந்த அளவுகளையும் தேட வேண்டாம். கேஷின் கொள்ளளவிலிருந்து சூத்திரம் போட்டே கணக்கிடலாம் என்று 2016-ல் ஒரு கட்டுரை காட்டியது. ஆய்வகத்தில் ஒரு கணினி இரவு முழுக்கத் தேடிய எண்களைப் பென்சிலும் தாளும் வைத்துக் கண்டுபிடிக்கலாம்!

என் மாணவி ஒருத்தி இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். ரிஸ்க்-5 சில்லு வைத்த ஒரு சின்ன போர்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி சில்லுகளை வடிவமைத்ததும் இதே ரிஸ்க்-5 கட்டளைத் தொகுதியை வைத்துத்தான். அவளுடைய போர்டில் 2021-ல் இறுதி செய்யப்பட்ட வெக்டர் கட்டளைகளும் உண்டு. ஒரு ரெஜிஸ்டருக்குள் நான்கு எண்கள். எல்1 32 கே.பி., எல்2 512 கே.பி. எட்டுக்கு நான்கு என்ற மைக்ரோ கெர்னலை எழுதிவிட்டு, நோட்டில் கணக்குப் போட்டாள். கட்டத்தின் நீளம் 256 என்றால் எல்1-இல் 24 கே.பி. போகும், மீதி மூச்சுவிட இடம் இருக்கும். எல்2-வில் பாதியை எடுத்துக்கொண்டால் கட்டத்தின் உயரம் 128. ஒரு கோரில் ஓட்டிப் பார்த்தால் அவள் கணக்கு அப்படியே பலித்தது. நான்கு கோர்களிலும் ஓட்டினால் வேகம் விழுந்தது. அந்த எல்2 நான்கு கோர்களுக்கும் பொது என்று அவளே கண்டுபிடித்து, உயரத்தை 32 ஆக்கியிருக்கிறாள். இப்போது ஏறியிருக்கிறது, ஆனாலும் எதிர்பார்த்த உச்சம் வரவில்லை. டிஎல்பியில் எத்தனை முறை தவறுகிறது என்று பெர்ஃப் கருவியால் அளக்க வேண்டும் என்கிறாள். சனிக்கிழமை உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறேன்.